அவசரம் இல்லை

எங்கள் காலனியில் வீட்டுக் கதவுகளின் உள் தாழ்ப்பாளைக் கழற்றிப் போட்ட வருஷம் அது. கூட்டம் போட்டு யாரும் முடிவு செய்யவில்லை. ஒரு வீட்டில் கழற்றினார்கள், அப்புறம் பக்கத்து வீட்டில், அப்புறம் தெருவே கழற்றியது. என் வீட்டில் நானே ஸ்குரூ டிரைவர் எடுத்துக் கழற்றினேன். ஸ்குரூ துருப்பிடித்துப் போய் வரமாட்டேன் என்றது. நாலு வார்த்தை திட்டிய பிறகுதான் வந்தது.

காரணம் இதுதான். ஒரே வருஷத்துக்குள் காலனியில் நாலு பிள்ளைகள் தங்கள் உயிரைத் தாங்களே போக்கிக்கொண்டார்கள். மூன்று பையன்கள், ஒரு பெண். எப்படி என்று கேட்காதீர்கள், நான் சொல்ல மாட்டேன். அந்தப் பேச்சை எங்கள் தெருவில் யாரும் எடுப்பதில்லை. செத்துப்போனான் என்றுகூடச் சொல்வதில்லை. 'அவசரப்பட்டுட்டான்' என்போம். கொஞ்சம் பொறுத்திருந்தால் ஒரு வழி பிறந்திருக்குமே பாவி என்று அதற்கு அர்த்தம். நாலு பேருக்கும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லித்தான் அழுதோம்.

நாலாவதாகப் போனவன் பவன்குமார். என் சிநேகிதி அம்சவேணியின் ஒரே மகன். அவளும் நானும் ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரே ஊரில் பிறந்து, ஆந்திரா எல்லைக்குள் சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் இந்த ஒரே காலனிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். பவனும் என் மகன் சிரஞ்சீவியும் ஒரே பைக், ஒரே ஷிப்ட், ஒரே தட்டு என்று வளர்ந்தவர்கள். சிரஞ்சீவி என்று பேர் வைத்தது என் வீட்டுக்காரரின் சினிமாப் பைத்தியம். நீண்ட ஆயுசு உள்ளவன் என்று அர்த்தம் வருகிறதே, இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

பவன் போனதிலிருந்து தெருவே என் மகனை ஒரு மாதிரி பார்த்தது. கூடவே சுற்றினவனை அந்த ஆவி துணைக்குக் கூப்பிடாமல் விடாது என்று குழாயடியில் ஒருத்தி சொன்னாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு, இன்னொரு தரம் சொல்லிப் பார், வாயைக் கிழிக்கிறேன் என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது. உள்ளுக்குள் பயம் வந்துவிட்டது. அன்றிலிருந்து அவன் கொல்லைப்பக்கம் போனால்கூட ஏதாவது வேலை இருக்கிற மாதிரி பின்னாலேயே போவேன். எம்மா, நான் ஓடியாப் போறேன் என்பான். ஓடிப்போனால்கூடத் தேவலையே என்று எனக்குள் நினைத்துக்கொள்வேன்.

அந்தச் சமயத்தில்தான் படம் எடுக்கிறவர்கள் வந்தார்கள்.

நளினி என்று ஒரு பெண். ஐதராபாத்துக்காரி, முப்பத்தைந்து வயசு இருக்கும், தலையைக் கிராப் வெட்டியிருந்தாள். கேமராவுக்கு யஸ்வந்த் என்று திருப்பதிப் பையன். திருப்பதியில் லாட்ஜில் தங்கிக்கொண்டு தினமும் காரில் வந்து போனார்கள். கதைப் படம் இல்லை, இது டாக்குமெண்டரி, பிள்ளையைப் பறிகொடுத்த தாய்களைப் பேசவைத்து எடுக்கிறோம் என்றார்கள். நான் வாசலிலேயே நிறுத்தினேன். எங்கள் எழவு உங்களுக்குப் படமா என்று கேட்டேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. உலகத்தின் வடக்குக் கோடியில், வருஷமெல்லாம் பனி கொட்டுகிற ஊர்களில் இனுயிட் என்று ஒரு ஜனம் இருக்கிறதாம். அங்கேயும் வயசுப் பிள்ளைகள் இப்படித்தான் போகிறார்களாம். அந்தத் தாய்கள் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து பேசுவதை இவள் பார்த்திருக்கிறாள். நம் பக்கத்தில் யாரும் வாயே திறப்பதில்லையே, அதனால்தான் வந்தேன் என்றாள். பாதி தமிழ், பாதி தெலுங்கு. பனியில் இருக்கிறவளுக்கும் வயிறு என்று ஒன்று இருக்குமே என்று நினைத்தேன். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன்.

அவள் முதலில் படம் எடுத்தது எங்கள் கதவுகளைத்தான். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் வெறும் ஓட்டைகள். வீடு வீடாகப் போய் அந்த ஓட்டைகளை எடுத்தாள். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

நளினிக்குத் தமிழ் அரைகுறை. அம்சவேணிக்குத் தெலுங்கு சுத்தமாக வராது. நடுவில் நின்று சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று நளினி கேட்டபோது சிரஞ்சீவி நான் வரேன் என்றான். வேண்டாம்டா என்று சொல்ல வாயைத் திறந்தேன். சாவுப் பேச்சாகவே இருக்கும், இவன் ஏன் அதை இரண்டு பாஷையில் கேட்கவேண்டும்? ஆனால் அவன் எழுந்து போய் முகம் கழுவி, சட்டையை இஸ்திரி போட ஆரம்பித்துவிட்டான். மாசக்கணக்கில் இஸ்திரிப் பெட்டியைத் தொடாத பிள்ளை. அதைப் பார்த்ததும் என் வாய் தானாக மூடிக்கொண்டது.

அவன் வேலை போன கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு முன்னே நிலம் நீச்சு கிடையாது, கூலிதான். சர்க்கார் எப்போதோ கொடுத்த துண்டு நிலத்தில் என் மாமனார் வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்தார். கம்பெனிகள் வந்தபோது அந்த நிலம் போயிற்று. பதிலுக்கு என் வீட்டுக்காரர் துலுக்காணத்துக்குக் கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் வேலை கொடுத்தார்கள். தன் அப்பன் கடலை போட்ட மண்ணைத் தானே காவல் காக்கிற மனுஷன் அவர். சிரஞ்சீவியும் பவனும் ஐடிஐ முடித்து அதே கம்பெனிக்குள் கான்ட்ராக்டில் சேர்ந்தார்கள். கழுத்தில் கார்டு, காலில் ஷூ, கேன்டீனில் சாப்பாடு. நான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

ஒரு திங்கட்கிழமை காலையில் இரண்டு பேரும் கேட்டில் கார்டை வைத்தபோது சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே விடக்கூடாது என்று உத்தரவு. கேட்டில் நின்றது அவன் நைனாதான். அவர்தான் மகனை நிறுத்தவேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் என்னடா ஆச்சு என்று கேட்டேன். கம்பெனியில எங்கள அவசரம் இல்லன்ட்டாங்கம்மா என்றான். சரிதான், இப்போதைக்கு அவசரம் இல்லை, ஆர்டர் வந்தால் மெதுவாகக் கூப்பிட்டுக்கொள்வார்கள் என்று எடுத்துக்கொண்டேன். கேட்டவர்களுக்கெல்லாம் அப்படியே சொன்னேன். என் பையனைக் கூப்பிடுவாங்க, கொஞ்சம் டைம் ஆகும் என்று. அம்சவேணியிடமும் சொன்னேன். அவளும் பவனிடம் அதையே சொல்லித் தைரியம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் பவன் போய்விட்டான்.

அம்சவேணியைப் படம் எடுத்தது ஒரு மத்தியானம். அவள் வீட்டுக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். எக்கா பக்கத்தில் இருந்தால்தான் பேசுவேன் என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். நான் கேமராவில் விழாதபடி தரையில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்திருந்தேன். சிரஞ்சீவி நளினியின் காலடியில் உட்கார்ந்து, இவள் சொல்லச் சொல்ல அவளுக்குத் தெலுங்கில் சொன்னான். பவனுக்குச் சின்ன வயசில் வந்த மஞ்சள் காமாலை, அவன் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த மிக்ஸி, எல்லாம் சொன்னாள். என் மகன் நன்றாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தான். மிக்ஸி கதைக்குச் சிரிக்கக்கூடச் செய்தான்.

கடைசியாக அவனைப் பார்த்தது எப்போது என்று நளினி கேட்டாள். அம்சவேணி என் கையை இறுக்கினாள்.

"களி கிண்டி கருவாட்டுக் கொழம்பு வெச்சிருந்தேன். துன்னுட்டுப் போடான்னேன். நான் யாருக்கும் அவசரம் இல்லம்மான்னு சிரிச்சிக்கினே சொன்னான். அவசரம் இல்லன்னா ஒக்காந்து நிதானமா துன்னுட்டுப் போயேண்டான்னேன். தோளத் தட்டிட்டுப் பூட்டான் எக்கா. அவசரம் இல்லன்னு சொன்ன புள்ள, இப்டி அவசரப்பட்டுட்டானே."

எனக்கும் கண் கலங்கியது. நளினி என் மகனைப் பார்த்தாள். சொல்லப்பா என்று அவள் தெலுங்கில் கேட்டாள். அவன் கீழே பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நேனு எவரிக்கீ அவசரம் லேது."

அம்சவேணி சொன்ன அதே வார்த்தைகள்தான், தெலுங்குச் சாயலில். ஆனால் நளினியின் முகம் வேறாகிவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மற்றக் கையைத் தூக்கி யஸ்வந்தை நிறுத்தச் சொன்னாள். அந்தப் பையனும் கேமராவை விட்டுவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டான். அவசரம் இல்லை என்று சொன்னதற்கு இவர்கள் இரண்டு பேரும் ஏன் இப்படி ஆகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. அம்சவேணிக்கும் புரியவில்லை, புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சிரஞ்சீவி எழுந்து வெளியே போனான். நான் எப்போதும் அவன் பின்னால் போகிறவள், அன்றைக்கு அம்சவேணியின் கை என் கைக்குள் இருந்ததால் போகவில்லை.

அவளைப் படுக்கவைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். நளினி வேப்ப மரத்தடியில் நின்றிருந்தாள். அவங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள். என்ன தெரியணும் என்றேன். தமிழில் வார்த்தை தேடித் தேடிச் சொன்னாள். தெலுங்கில் அவசரம் என்றால் வேகம் இல்லையம்மா. வேகத்துக்கு நாங்கள் தொந்தர என்போம். அவசரம் என்றால் தேவை. அவசரம் லேது என்றால், தேவை இல்லை, வேண்டாம் என்று அர்த்தம்.

"அந்தப் பையன், நான் யாருக்கும் வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிருக்காம்மா."

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. இவள் யார் எங்கள் வார்த்தைக்கு அர்த்தம் சொல்ல? அவசரம் எங்கள் வார்த்தை. பிறந்ததிலிருந்து பேசுகிற வார்த்தை. தெரியாத வார்த்தை என்றால் என்னடா சொல்றே என்று கேட்டிருப்போமே. தெரிந்த வார்த்தையாகப் போய்விட்டதே! எங்கள் பிள்ளைகள் படித்ததெல்லாம் தெலுங்கு மீடியம். வாயைத் திறந்தால் இரண்டும் கலந்துதான் வரும். சந்தையில் தக்காளி வாங்குகிற அளவுக்கு எனக்கும் தெலுங்கு தெரியும். வீட்டுக்குள் மட்டும் அந்தப் பாஷை கூடாது என்று நான்தான் அதட்டிக்கொண்டிருந்தேன். சிரஞ்சீவி என் பேச்சைக் கேட்டு எல்லாவற்றையும் தமிழாக்கித்தான் சொல்லியிருக்கிறான். வார்த்தையைத் தமிழாக்கினான், அர்த்தம் தெலுங்காகவே இருந்திருக்கிறது.

அடுத்த மூச்சில் எனக்கு முந்தின நாள் ஞாபகம் வந்தது.

முந்தின நாள் மத்தியானம் முட்டை வேகவைத்து அவன் தட்டில் வைத்தேன். எனக்கு எதுக்கும்மா, நைனாக்கு வை, நான் இங்க அவசரம் இல்ல என்றான். அவசரம் இல்லன்னா அப்புறமா துன்னு என்று சொல்லித் தட்டை மூடிவைத்துவிட்டு நான் துணி துவைக்கப் போய்விட்டேன். அதற்கு முன்னால், கங்கம்மா கோயில் ஜாத்திரைக்கு வாடா என்று கூப்பிட்டபோதும் இதையேதான் சொன்னான். நான் அவசரம் இல்லம்மா, நீங்க போங்க. சரி, மெதுவா வா என்று சொல்லிவிட்டுப் பூ வைத்துக்கொண்டு கிளம்பினேன். எத்தனை தரம் சொல்லியிருப்பான்? நான் இந்த வீட்டுக்கு வேண்டாம் என்று பிள்ளை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான். நான் ஒவ்வொரு தரமும் சரி என்றிருக்கிறேன்.

"எங்க அவன்? தண்ணி குடிக்கப் போனவன் எங்க?"

அம்சவேணி வீட்டுக் குடத்தடியில் இல்லை. என் வீட்டுக்கு ஓடினேன். கதவு சாத்தியிருந்தது. தாழ்ப்பாள் இல்லாத கதவுதான், தள்ளினால் திறந்துவிடும். ஆனால் தள்ள என் கை வரவில்லை. உள்ளே என்ன இருக்குமோ என்று நின்றுவிட்டேன். பின்னாலேயே ஓடிவந்த நளினி என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டித் தள்ளினாள். உள்ளே யாரும் இல்லை. கட்டில்மேல் அவன் செல்போன் மட்டும் கிடந்தது. அதைத் தொட்டதும் திரை வெளிச்சம் வந்தது. பவனும் அவனும் பைக்கில் உட்கார்ந்திருக்கிற போட்டோ. எங்கள் பிள்ளைகள் செருப்பில்லாமல் போனாலும் போவார்கள், செல் இல்லாமல் போகமாட்டார்கள்.

தெருவில் எல்லாரிடமும் கேட்டேன். சத்தம் போட்டுத்தான் கேட்டேன், மானம் மரியாதையெல்லாம் பார்க்கவில்லை. ஏரிப்பக்கம் இரண்டு பேரை ஓடச் சொன்னேன். யஸ்வந்தை அம்சவேணிக்குத் துணையாக விட்டுவிட்டு நளினி காரை வரச்சொன்னாள். ரோட்டுமுனை டீக்கடைக்காரர்தான் சொன்னார், இப்பதான் திருப்பதி பஸ்ஸில் ஏறினான், கூப்பிட்டேன், திரும்பிப் பார்க்கவில்லை என்று. திருப்பதியில் அவனுக்கு யாரும் கிடையாது. வேலையும் கிடையாது. எதுக்குப் போகிறான் என்று நினைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

காரில் ஏறினதும் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். கேட் டூட்டியில் இருந்தார். விஷயத்தைச் சொல்லிவிட்டு, அவசரம்னா தெலுங்குல இன்னாய்யா அர்த்தம் என்று கேட்டேன். வேணும்கிறது என்றார். இந்த ஊரிலேயே பிறந்தவர், அவருக்குத் தெரியாமலா இருக்கும்.

"அப்ப கம்பெனிக்காரன் சொன்னது?"

"இனிமே நீங்க வேணாம்னான். எம்முன்னாலதான் சொன்னான்."

"எங்கிட்ட ஏன்யா சொல்லல?"

"நீ கூப்புடுவாங்கோ கூப்புடுவாங்கோன்னு ஊரெல்லாம் சந்தோஷமா சொல்லிக்கினு இருந்த. நான் எப்டி சொல்றது பொன்னி."

போனிலேயே அவர் அழுதார். எனக்கு அவரைத் திட்டவும் தோன்றவில்லை. கேட்டை விட்டுட்டுத் திருப்பதிக்கு வாய்யா, வேலை போனா போவுது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நாகலாபுரம் வந்தது. பஸ் போய்விட்டது என்றார்கள். டிரைவரை அதட்டினேன், அந்த ஆளும் பறந்துதான் போனான். மலைகள் ஒரு பக்கமாக வந்துகொண்டே இருந்தன, ஒன்றும் கண்ணில் பதியவில்லை. பஸ் எந்த ஊரில் நின்றிருந்தாலும் அவன் இறங்கியிருக்கலாம் என்பதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஓரத்தில் யார் நடந்தாலும் அவன் மாதிரி தெரிந்தது. நிறுத்து நிறுத்து என்று கத்துவேன், பார்த்தால் வேறு யாரோ இருப்பார்கள். நளினி என் கையைப் பிடிக்க வந்தாள். தட்டிவிட்டேன். உன் படத்தால் வந்தது, செத்தவன் சொன்னதை என் பிள்ளை வாயால் சொல்லவைத்தாயே, நீ நன்றாயிருப்பாயா என்று கேட்டேன். அழுதாள். அழட்டும் என்று விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, திருப்பதியில் இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பார்க்கிற டாக்டரம்மா ஒருத்தரைத் தெரியும், அவன் கிடைத்ததும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று மெதுவாகச் சொன்னாள். கிடைத்ததும் என்று சொன்னாளே, அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன்.

புத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஓடினேன். நின்ற பஸ்ஸில் எல்லாம் ஏறிப் பார்த்தேன். சத்தியவேட்டிலிருந்து வந்த வண்டி இப்போதுதான் கிளம்பியது, ஜன்னல் ஓரம் ஒரு பையன் இருந்தான் என்று பூக்காரி ஒருத்தி சொன்னாள். அவன்தான் என்று எப்படிச் சொல்வது? பஸ்ஸில் இருக்கிற பையன்கள் எல்லாம் ஜன்னல் ஓரம்தான் உட்காருவார்கள். இருந்தாலும் அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்து ஏறினேன்.

வடமாலபேட்டையில் டோல்கேட்டுக்கு முன்னால் வண்டிகள் நீளமாக நின்றிருந்தன. நடுவில் அந்தப் பஸ். கார் நிற்பதற்கு முன்னாலேயே கதவைத் திறந்துகொண்டு இறங்கினேன். லாரிகளுக்கு இடையில் புகுந்து பஸ் பக்கவாட்டில் தட்டிக்கொண்டே போனேன். ஒவ்வொரு ஜன்னலாக முகம் முகமாகப் பார்த்தேன். கிழவன், குழந்தை, தூங்குகிறவன். கடைசிக்கு முந்தின ஜன்னலில் இஸ்திரி போட்ட சட்டை தெரிந்தது. தலையைக் கம்பிமேல் சாய்த்துக் கண்ணைத் திறந்தபடி இருந்தான். நான் தட்டினதுகூட அவனுக்குக் கேட்கவில்லை.

பின்படியில் ஏறினேன். கண்டக்டர் இங்கெல்லாம் ஏறக்கூடாது என்று தெலுங்கில் கத்தினார். அவன் திரும்பினான். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. வேறு யாரையோ பார்க்கிற மாதிரி பார்த்தான். அந்தப் பார்வைதான் எனக்கு அன்றைக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. வழியெல்லாம் அவனுக்குச் சொல்ல ஆயிரம் சேர்த்துவைத்திருந்தேன். எல்லாம் தமிழ். தமிழில் எதைச் சொன்னாலும் அது அவனுக்கு வேறாகப் போய்ச் சேருமோ என்று தோன்றியது. சந்தைத் தெலுங்கை வாயில் கூட்டிக்கொண்டேன்.

"நுவ்வு நாக்கு அவசரம்ரா."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டுமே. திரும்பவும் சொன்னேன். நுவ்வு நாக்கு அவசரம். மீ நைனாக்கி அவசரம். இன்னும் சொல்ல எனக்குத் தெலுங்கு தெரியவில்லை. அதனால் அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். நீ எனக்கு வேணும், நீ எனக்கு வேணும். அவன் உதடு கோணிக்கொண்டது. சின்னப் பிள்ளையில் விழுந்து அடிபட்டால் அழுவதற்கு முன்னால் அப்படித்தான் கோணும். கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவன் அழுது முடிக்கிற வரைக்கும் முதுகில் கையை வைத்துக்கொண்டிருந்தேன். இனிமேல் சுற்றி வளைப்பதில்லை என்று முடிவு செய்தேன். காலனியில் ஒரு தாயும் ஒரு பிள்ளையையும் கேட்காததை அவன் காதோரமாகக் கேட்டேன்.

"சாவணும்னு தோணுதாடா?"

ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அப்பப்ப தோணுதும்மா. இன்னிக்கு எங்க போறேன்னு எனக்கே தெர்ல. பஸ் வந்தது, ஏறிட்டேன்."

இல்லை என்று சொல்லுவான் என்றுதான் நான் காத்திருந்தேன். சொல்லவில்லை. ஆனால் வாயைத் திறந்து சொன்னான். அதற்காக எந்தச் சாமிக்கு நேர்ந்துகொள்வது என்று தெரியவில்லை. அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். நாடி துடித்துக்கொண்டிருந்தது, அதை விடவில்லை.

"சின்னம்மாக்குச் சொல்லிடாத," என்றான். அம்சவேணியைத்தான் அப்படிக் கூப்பிடுவான். பவன் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியவே கூடாதாம். அவள் சாகிற வரைக்கும் அது வேகம் என்றே இருக்கட்டுமாம். சரி என்றேன். இந்தத் தரம் அவன் சொன்னது எனக்குச் சரியாக விளங்கியது.

ஜன்னலுக்கு வெளியே நளினி காரிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அவள் முகத்தை மூடிக்கொண்டு சீட்டில் சாய்ந்தாள். வண்டிகள் நகர ஆரம்பித்தன. கார் பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்தது.

டோல்கேட்டைத் தாண்டினதும் சிரஞ்சீவி மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அவசரம்ரான்னு சொல்லக்கூடாதும்மா," என்றான். "நுவ்வு நாக்கு காவாலின்னு சொல்லணும். நீ வேணும்னா அப்டித்தான்."

"போடா, உன் தெலுங்கும் நீயும்," என்றேன். இன்றைக்கும் அவன் கொஞ்சம் நேரம் கண்ணில் படாவிட்டால் தெருவில் இறங்கித் தேடுகிறேன்.

கண்டக்டர் டிக்கெட் மிஷினோடு வந்து நின்றார். கத்தினதை மறந்துவிட்டிருந்தார், குரல் தணிந்திருந்தது. எக்கடிக்கம்மா, எங்கே போகணும் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நான் என் மகனைப் பார்த்தேன்.

இவன் எங்கே இறங்குகிறானோ அங்கே என்று சொன்னேன். தெலுங்கில்தான் சொன்னேன்.